துப்பாகிய மலையன்: சங்கப் பாடல்களில் வேந்துசாராப் படையாற்றலும் ‘வள்ளல்’ என்னும் வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பாதுகாப்பு, போர், அரசியல் முடிவு ஆகியவற்றில் அரசுசாராத் தரப்பினர் வகிக்கும் பங்கு இன்றைய அரசறிவியலின் முதன்மைப் பேசுபொருள்களுள் ஒன்றாகும். இவ்வினாவைச் சங்கப் பாடல்களிடம் எழுப்பும் இக்கட்டுரை, முள்ளூர் மலையமான் மரபினரைப் பற்றிய பாடல்களை எடுத்துக்கொள்கிறது. மூவேந்தரும் வேண்டி நின்ற படைத்துணையாகப் பாடல்கள் காட்டும் இத்தலைவர்கள், பிற்கால வாசிப்பில் ‘கடையெழு வள்ளல்’ என்னும் ஒற்றை அடையாளத்துக்குள் அடக்கப்பட்டனர். இதனால் அவர்தம் ஈகைக்கும் படைத்தொழிலுக்கும் இடையே பாடல்கள் காட்டும் உறவு மறைந்துபோனது. அவ்வுறவைப் புறநானூறு 46, 122, 125, 126, 174, அகநானூறு 209 ஆகிய பாடல்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மலையமான், துப்பு, வேந்தர், குறுநிலத் தலைவர், தன்னுறு தொழில், ஏனாதி, கடையெழு வள்ளல்.

முன்னுரை

முறைமையான வன்முறையின்மீது தனியுரிமை கொண்ட அமைப்பே அரசு என்று 1919ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் மாக்சு வெபர் வரையறுத்தார். இவ்வரையறை பரவலாக ஏற்கப்பட்ட பின்னர், அரசின் ஆணையின்றிப் படைக்கலம் ஏந்துவோர் அனைவரும் விதிவிலக்குகளாகவே காணப்பட்டனர். வரலாறு இதற்கு இசையவில்லை. கூலிப்படைகளும் உரிமம் பெற்ற கடற்கொள்ளைக் கப்பல்களும் வணிகக் குழுமங்களின் படைகளும் ஐரோப்பிய அரசுகளின் அன்றாடக் கருவிகளாகப் பல நூற்றாண்டுகள் விளங்கின என்பதையும், அவை விலக்கப்பட்டது மிக அண்மைக்காலத்தில்தான் என்பதையும் சேனிசு தாம்சன் 1994இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். உரிமக் கப்பல்களை ஒழித்த பாரிசு அறிவிப்பு 1856ஆம் ஆண்டினது. தனிப்படை வைத்து இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட கிழக்கிந்தியக் குழுமம் 1858இல்தான் ஆட்சியை இழந்தது. எனவே ‘அரசு’, ‘அரசுசாரா’ என்னும் பிரிவினை காலந்தோறும் மாறிவந்த எல்லைக்கோடு என்று கொள்வதே பொருந்தும்.

இப்பிரிவினையைச் சங்க காலத்துக்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சங்ககால அரசியல் அமைப்பு முழுவளர்ச்சி பெற்ற அரசா, குலத்தலைமையின் உயர்நிலையா என்னும் விவாதத்தில் இர. சம்பகலட்சுமி, இராசன் குருக்கள் முதலியோர் பின்னைய கருத்தின் பக்கம் நின்றனர். அரசே உருப்பெறாத காலத்தில் ‘அரசுசாராத் தரப்பு’ என்று ஒன்றைத் தேடுவது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா நியாயமானதே. இதற்கான விடையைக் கோட்பாட்டு நூல்களில் தேடுவதைவிடப் பாடல்களில் தேடுவது நன்று. பாடல்கள் தமக்கென ஒரு பிரிவினையை வைத்துள்ளன. வேந்தர் மூவர், ஏனையோர் எத்துணை வலிமையுடையராயினும் வேந்தர் அல்லர். முரசு, வெண்குடை, போந்தை, வேம்பு, ஆர் ஆகிய குலக் கண்ணிகள் என வேந்தர்க்குரிய அடையாளங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. ஆகவே இக்கட்டுரை ‘அரசுசாரா’ என்பதற்கு மாற்றாக ‘வேந்துசாரா’ என்னும் தொடரை ஆள்கிறது. வேந்தரின் ஆணைக்கு உட்படாமல், அதே வேளையில் வேந்தரின் போர்களில் முடிவைத் தீர்மானித்த ஆற்றல் என்பது இதன் பொருள்.

வள்ளல் என்னும் சட்டகம்

மலையமான் திருமுடிக்காரியைத் தமிழ் மாணவர் முதன்முதலில் சந்திப்பது எழுவர் பட்டியலில்தான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். காரி இரவலர்க்குக் குதிரை வழங்கினான். பாடநூல்களின் வழி நிலைபெற்ற இச்சித்திரத்தின் மூலம் நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையும் பெருஞ்சித்திரனாரின் புறநானூற்று 158ஆம் பாடலுமாகும். ‘கடையெழு வள்ளல்கள்’ என்னும் பெயரோ முதல், இடை, கடை என வள்ளல்களை அடுக்கிய பிற்கால வகைப்பாட்டைச் சார்ந்தது.

மூலப் பட்டியல்களை நிதானமாகப் படிப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படை ஓரியை அறிமுகப்படுத்தும்போது, காரி என்னும் குதிரையையுடைய காரியொடு போரிட்டவன் என்பதையே அவனுக்கு அடையாளமாகத் தருகிறது. பெருஞ்சித்திரனாரும் காரியின் மழைபோன்ற ஈகையையும், அவன் குதிரை ஊர்ந்து வென்ற பெரும்போரையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எழுவருள் ஒருவன் மற்றொருவனைக் கொன்றான். மூன்றாமவனான அதியமான் நெடுமான் அஞ்சி காரியின் கோவலூரை எறிந்தான். அதனை ஔவையாரின் 99ஆம் புறப்பாடல் போற்றுகிறது. ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட தலைவர்களை ஓர் ஏழுபேர் குழுவாக நிரல்படுத்தியது நல்லியக்கோடனைப் புகழ வேண்டிய பாணாற்றுப்படையின் தேவை. எழுவர் தாங்கிய ஈகை நுகத்தை இன்று தனியொருவனாகத் தாங்குபவன் அவன் என்று காட்டவே அப்பட்டியல் எழுந்தது. அதன் உள்நோக்கம் மறக்கப்பட்டுப் பட்டியல் மட்டும் எஞ்சியது. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் காரியின் போர்களை ‘வீரம்’ என்னும் தலைப்பிலும் கொடையை ‘ஈகை’ என்னும் தலைப்பிலும் தனித்தனியே அடுக்கி, இரண்டும் ஒரே தலைவனின் இரு நற்பண்புகள் என்று கூறி அமைகின்றன. இப்பிரிப்பே மறுபரிசீலனைக்கு உரியது.

தன்னுறு தொழிலும் மன்னுறு தொழிலும்

வன்முறைக்கு உரிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவைத் தமிழ் இலக்கண மரபு முன்னரே எழுப்பியுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி ஒழுக்கத்தை வேந்தன் ஏவிய முனைஞரின் செயலாக வரையறுக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையோ வெட்சியை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுக்கிறது. அரசன் ஏவலால் நிரை கவர்வது முன்னது. மறவர் தம் விருப்பால் கவர்வது பின்னது. தொல்காப்பியம் கணக்கில் கொள்ளாத ஒரு நடைமுறைக்கு வெண்பாமாலை பெயரிட்டு இடமளித்தது என்று இதனைக் கொள்ளலாம்.

மலையமானின் போர்த்தொழில் இவ்விரு வகைகளுள் எதிலும் முழுமையாக அடங்கவில்லை. அவன் வேந்தன் ஏவ எழுந்தவன் அல்லன். தன் பகையைத் தீர்க்க மட்டும் எழுந்தவனும் அல்லன். வேந்தர் வேண்டுகின்றனர், பொருள் தருகின்றனர், அவன் துணைபுரிகிறான். இம்மூன்றாம் வகைக்கு இலக்கணம் பெயரிடவில்லை. பாடல்கள் அதற்கு ஒரு சொல்லைத் தொடர்ந்து ஆள்கின்றன. அச்சொல் ‘துப்பு’. வலிமை என்னும் பொருளும் துணைவலி என்னும் பொருளும் உடைய இச்சொல் மலையமான் பாடல்களில் ஏறத்தாழ ஒரு கலைச்சொல்லாகவே நிற்கிறது.

கூழ், துப்பு, ஈகை

கபிலர் காரியைப் பாடியனவாகப் புறநானூற்றில் நான்கு பாடல்கள் (121 – 124) உள்ளன. அவற்றுள் 122ஆம் பாடல், சங்க காலப் படைத்துணை ஒப்பந்தம் பற்றிய மிகத் தெளிவான சான்றாகும். பாடலின் செய்தி இது: காரியின் நாட்டைக் கடல் கொள்ளாது, பகைவரும் அதனைக் கொள்ள முற்படார். அந்நாடு தீயோம்பும் அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவருக்குத் துப்பாக வேண்டும் என்று போற்றி வருவோர் தரும் பொருள், அவன் குடியை வாழ்த்தி வரும் இரவலர்க்கு உரியது. மனைவியின் தோளன்றித் தனது என்று அவனுக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் அவன் பெருமிதம் உடையவனாக இருக்கிறான்.

இப்பாடலைப் புகழ்ந்தோர் பெரும்பாலும் இறுதிப் பகுதியின் கற்புச் சிறப்பிலும் ஈகைச் சிறப்பிலும் நின்றுவிடுகின்றனர். நடுவில் உள்ள பொருளியல் செய்தி கண்ணுக்குத் தப்புகிறது. வேந்தரின் ஆட்கள் பொருளுடன் வருகின்றனர். அவர்கள் மூவருள் எவருடைய ஆட்களாகவும் இருக்கலாம். மூவருள் எவருக்கு என்பதைத் தீர்மானிப்பவன் காரி. சேரனுக்கோ சோழனுக்கோ பாண்டியனுக்கோ நிலையான கடப்பாடு எதுவும் அவனுக்கு இருப்பதாகப் பாடல் காட்டவில்லை. ‘கூழ்’ என்னும் சொல் உணவையும் பொருளையும் குறிக்கும். மன்னனின் தூதர் கொண்டுவரும் செல்வத்தைக் கபிலர் கூழ் என்று சொல்வதில் ஒரு குறைத்துரைக்கும் தொனி இருப்பதைக் கவனிக்கலாம். வேந்தன் அளிக்கும் பெருநிதியும் முள்ளூரில் பசித்து வந்தோரின் உணவாக மாறிவிடும் என்பது அதன் உட்கிடை.

1977ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கைகளின் முதற் கூடுதல் நெறிமுறை, தன் 47ஆம் பிரிவில் கூலிப்படையினரை வரையறுக்கும்போது தனிப்பட்ட ஆதாய நோக்கத்தை முதன்மை அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்கிறது. அவ்வளவுகோலைப் பாடலில் பொருத்தினால் காரி தப்பிவிடுகிறான். பொருள் பெறுகிறான், ஆனால் அவனிடம் எதுவும் தங்குவதில்லை. கபிலரின் சொல்லாட்சி முழுவதும் இத்தப்புதலை உருவாக்கவே உழைக்கிறது என்று கூறுவது மிகையாகாது. பொருளுக்குப் போர்புரிபவன் என்னும் பழியிலிருந்து தலைவனைக் காப்பது ஈகை. எனவே ஈகை இங்குத் தனித்து நிற்கும் நற்பண்பாகாமல், படைத்தொழிலை முறைமைப்படுத்தும் அரசியல் செயலாகிறது.

இதற்கு வலுவூட்டும் சான்று மாறோக்கத்து நப்பசலையாரின் 126ஆம் பாடலில் உள்ளது. பகைவரின் யானை நெற்றியில் இருந்த பொன்னோடையைக் கைக்கொண்டு, அப்பொன்னால் வாடாத தாமரை செய்து பாணரின் தலையில் சூட்டியோன் மரபினன் என்று அப்பாடல் காரியை விளிக்கிறது. பொற்றாமரை என்னும் பாணர் அணி பல பாடல்களில் வருகிறது. ஆனால் அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பாடல்கள் அரியன. போர்க்களத்து யானையின் நெற்றியிலிருந்து பாணனின் தலைக்கு நகரும் அந்தப் பொன்னே மலையமானின் அரசியலைச் சுருக்கமாகக் காட்டிவிடுகிறது.

ஈகைக்கு மற்றொரு பயனும் உண்டு. கொடுத்துத் தீர்ந்த நாட்டைக் கவர்வதால் பகைவனுக்கு யாது பயன் என்னும் வாதம் கபிலரின் பாரி பாடல்களிலும் வருகிறது. பறம்பை மூவேந்தர் முற்றியிருந்தபோது பாடப்பட்ட 110ஆம் பாடல், பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர் என்கிறது. 122ஆம் பாடலில் காரியின் நாடு அந்தணர்க்கும் செல்வம் இரவலர்க்கும் சென்றுவிட்டன. இரண்டிலும் புலவர் வேந்தரை நோக்கிச் சொல்வது ஒன்றே: கைப்பற்றுவதற்கு இங்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பறம்பில் அந்த வாதம் பலிக்கவில்லை என்பது தெரிந்ததே. முள்ளூரில் பலித்தமைக்குக் காரணம் வாதத்தின் வலிமையாக இருக்க முடியாது. பாரியின் ஆற்றல் வேந்தர்க்குப் பயன்படவில்லை. காரியின் ஆற்றல் மூவருக்கும் மாறிமாறித் தேவைப்பட்டது. ஒரே புலவர், ஒரே வாதம், இருவேறு முடிவுகள்.

கொல்லியை ‘ஈந்த’ காரி

காரி வல்வில் ஓரியைக் கொன்று கொல்லி மலையைச் சேரர்க்கு அளித்த செய்தி கல்லாடனாரின் அகநானூற்று 209ஆம் பாடலில் உவமையின் ஊடாக வருகிறது. கொல்லிப் பாவை போன்ற தலைவி என்று சொல்ல வந்த இடத்தில், அம்மலை கைமாறிய வரலாறு அடைமொழியாக நுழைகிறது. கேட்போர் அனைவரும் அறிந்த செய்தியாக இருந்தாலன்றி அகப்பாடலில் அது இவ்வாறு போகிற போக்கில் இடம்பெற்றிருக்காது. நற்றிணை 320ஆம் பாடலில் கபிலரும், ஓரி கொல்லப்பட்டபின் அவன் ஊர்த் தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பரத்தை ஒருத்தியால் ஊரில் எழுந்த அலருக்கு உவமையாக்குகிறார். காரியைப் புகழ்ந்து நான்கு பாடல்கள் பாடியவர், அவன் வெற்றியை வெற்றியாகச் சொல்லாமல் ஓரியின் ஊரார் கூச்சலாகச் சொல்வது சிந்திக்கத்தக்கது.

அகநானூற்றுப் பாடலில் கொல்லியைச் சேரர்க்கு அளித்த செயலைக் குறிக்கும் வினை ‘ஈ’ என்னும் வேரினது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் இரப்போரின் நிலையை ஒட்டித் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வேறுபடுத்துகிறது. இழிந்தோன் இரக்கும்போது ‘ஈ’. ஒப்போன் இரக்கும்போது ‘தா’. உயர்ந்தோன் இரக்கும்போது ‘கொடு’. இந்நூற்பாவைச் சங்க வழக்கு முழுவதற்கும் கறாராகப் பொருத்த முடியாது. 122ஆம் பாடலில் வேந்தரின் ஆட்கள் பொருள் தருவதைக் குறிக்கும் ‘தரு’ என்னும் வினையும் முன்னிலை நோக்கி வரும் இயக்கத்தால் அமைந்தது என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் கல்லாடனாரின் சொல்லாட்சி இரவலர்க்குக் குதிரை ஈந்தவனும் சேரனுக்கு மலை ஈந்தவனும் ஒரே வினைச்சொல்லின் எழுவாயாக நிற்கும் ஒரு காட்சியை உருவாக்குகிறது. வேந்தன் அங்கே பெறுவோன் வரிசையில் நிற்கிறான். ஏவலால் போரிட்ட தானைத்தலைவன் வென்ற நிலத்தை வேந்தனுக்கு ‘ஈந்தான்’ என்று சொல்லும் வழக்கு இயல்பானதன்று. காரி சேரரின் படைத்தலைவனாக இருந்து கொல்லியை வென்றான் என்று எழுதும் வரலாற்று நூல்கள் இச்சொல்லைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

உழுத எருது

வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனாரின் 125ஆம் புறப்பாடல், சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருதபோது சோழனுக்குத் துப்பாகிய தேர்வண் மலையனைப் பாடியது என்று கொளு கூறுகிறது. இத்தலைவன் திருமுடிக்காரியே என்று கொள்வாரும் அம்மரபில் வேறொருவன் என்று கொள்வாரும் உளர். எவராயினும் இங்குப் பேசப்படும் நிலை ஒன்றே.

பாடலின் நடுவே இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. வென்றவன், தனக்கு வெற்றி தந்தவன் இம்மலையன் என்கிறான். தோற்றவன், மலையன் விரைந்து வந்து போரைத் தாங்கியிராவிடில் தாங்கள் வெல்வது எளிதாக இருந்திருக்கும் என்கிறான். பகைவர் இருவரும் ஒரே கருத்தைச் சொல்வதாகப் புலவர் அமைத்துள்ளார். மேலோட்டமாகப் பார்த்தால் இது புகழ்ச்சியின் உச்சம். ஊன்றிப் பார்த்தால், போரின் முடிவு போரிட்ட இரு வேந்தரின் கையிலும் இல்லை என்னும் அரசியல் கணிப்பும் இதில் அடங்கியுள்ளது. இராசசூயம் வேட்ட சோழனின் வெற்றி வாங்கப்பட்ட வெற்றி என்பதைத் தோற்றவன் வாயால் சொல்லிவிடுகிறார் பெருஞ்சாத்தனார். சோழனின் அவைக்களத்தில் இப்பாடல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

அதே பாடலில் மற்றோர் உவமை வருகிறது. பகைவரை வென்றபின் மலையன் விரும்பி உண்ணும் கள்ளுக்கு, உழுத எருது வைக்கோலைத் தின்பதை உவமையாக்குகிறார் புலவர். உழைத்தவன் உண்ணும் எளிய உணவு அவனுக்கு அமிழ்தாகும் என்பது நேர்பொருள். ஆனால் உழவு மாட்டின் உழைப்பால் விளைந்த நெல் வேறொருவர் களஞ்சியத்துக்குச் செல்கிறது. வைக்கோலே மாட்டுக்கு எஞ்சுகிறது. வெற்றியின் பயனான நிலமும் குடையும் வேந்தனுக்கு. விருந்தும் கள்ளும் மலையனுக்கு. 122ஆம் பாடலில் விலை பேசும் நிலையில் நின்ற தலைவன், இங்கு ஏரில் பூட்டப்பட்ட எருதாகக் காட்சி தருகிறான். இரண்டு பாடல்களையும் காலவரிசையில் அடுக்கி ஒரு வீழ்ச்சிக் கதையை எழுதுவதற்குச் சான்று போதாது. படைத்துணை என்னும் தொழிலுக்கு உள்ளேயே இவ்விரு நிலைகளும் ஒருங்கே இருந்தன என்பதே பாதுகாப்பான முடிபு.

குடை நிறுத்தியவனும் ஏனாதிப் பட்டமும்

மாறோக்கத்து நப்பசலையாரின் 174ஆம் பாடல் இவ்வுறவின் மறுமுனையைக் காட்டுகிறது. அரசிழந்து முள்ளூர் மலையின் அரிய வழியிடத்தே தங்கியிருந்த சோழனின் வெண்குடையை மீண்டும் நிலைநிறுத்திய தலைவனை அது பாடுகிறது. அவுணர் ஞாயிற்றை மறைத்தபோது அதனை மீட்டு நிறுத்திய திருமாலை உவமை கூறுகிறார் புலவர். சோழன் ஞாயிறாகிறான், மலையன் அந்த ஞாயிற்றை வானில் வைக்கும் தெய்வமாகிறான். ஒளி ஞாயிற்றினுடையது, ஆனால் அது வானில் நிற்பது பிறர் தயவால். வேந்தன் இழந்த முறைமையை வேந்தன் அல்லாத ஒருவன் மீட்டுத் தருகிறான் என்பது புறநானூற்றில் அடிக்கடி காணக்கிடைக்காத கூற்று.

ஆனால் அத்தலைவனின் பெயர் கொளுவில் ‘மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன்’ என்று பதிவாகியுள்ளது. ஏனாதி என்பது வேந்தர் படைத்தலைவர்க்கு அளிக்கும் பட்டம். குடையை நிறுத்தியவனுக்குக் குடைக்கு உரியவன் தன் பெயரை முன்னொட்டாக அளித்துவிட்டான். மூவருள் எவருக்கும் துப்பாகும் உரிமை, ‘சோழிய’ என்னும் ஒரு சொல்லால் முடிந்துபோகிறது. பாடல் அவனை வேந்தனுக்கு மேல் வைக்க, கொளு அவனை வேந்தனின் அலுவலனாக்குகிறது. கொளுக்கள் தொகுத்தோர் காலத்தன என்பதால் அவற்றை ஐயுறுவோர் உண்டு. இங்கு அந்த ஐயமே ஒரு சான்றாகப் பயன்படுகிறது. பாடலுக்கும் கொளுவுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தலைவர்கள் வேந்தரின் பணியாளராக நினைவுகொள்ளப்படத் தொடங்கிவிட்டனர்.

புலவரின் இடையீடு

படைவலி இல்லாத வேந்துசாராத் தரப்பினர் என்று புலவரைச் சொல்லலாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்றதும் (95), நெடுங்கிள்ளியிடம் ஒற்றன் எனப் பிடிபட்ட இளந்தத்தனைக் கோவூர்கிழார் மீட்டதும் (47), நலங்கிள்ளி – நெடுங்கிள்ளி போரை அவர் கண்டித்ததும் (45) மிகுதியாகப் பேசப்பட்டவை. இங்கு விரிவு வேண்டியதில்லை. மலையமான் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய இடையீடு ஒன்று மட்டும் எஞ்சுகிறது.

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக் காலில் இடப் புகுந்தபோது கோவூர்கிழார் பாடி உய்யக்கொண்டார் என்பது 46ஆம் பாடலின் கொளு. ஒருவேந்தனின் குடையை நிறுத்திய மரபின் பிள்ளைகள் மற்றொரு சோழனின் கொலையானை முன் நிற்கின்றனர். எக்காரணத்தால் என்பதைப் பாடல் சொல்லவில்லை. எனினும், யாருக்கும் துப்பாகக்கூடிய ஆற்றல் எல்லோருக்கும் அச்சமூட்டும் ஆற்றலாகவும் இருந்திருக்கும் என்பதை உணர முடிகிறது. இன்று ஒருவருக்குத் துணையாகும் படை நாளை எவர்பக்கம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லாதபோது, அம்மரபை வேரோடு அழிப்பது வேந்தனின் பார்வையில் பாதுகாப்பு நடவடிக்கை.

கோவூர்கிழாரின் வாதம் மிகச் சுருக்கமானது. நீ புறாவின் துயர் தீர்த்தவன் மரபினன். இவர்கள் புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம்முடையதைப் பகுத்துண்ணும் மரபினர். யானையைக் கண்டு அழுகையை மறந்த இச்சிறுவர், புதிய அவையினரைக் கண்டு மருள்கின்றனர். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், விரும்பியதைச் செய்க. இவ்வளவே.

இவ்வாதத்தில் இல்லாதது எது என்று பார்ப்பது பயனுடையது. இவர்தம் முன்னோர் சோழர்க்குத் துப்பாயினர் என்று புலவர் சொல்லவில்லை. முள்ளூர் மலையில் சோழன் அடைக்கலம் புகுந்ததைச் சொல்லவில்லை. அச்செய்திகளைப் புலவர் உலகம் அறிந்திருந்தது. சொல்லியிருந்தால் அவை நன்றிக்கடனை நினைவூட்டியிருக்கும். ஆனால் படைவலியை நினைவூட்டுவது, அழிப்பதற்கான காரணத்தையும் நினைவூட்டுவதாகும். ஆகவே அம்மரபின் போர்முகத்தை முழுவதும் மறைத்து, ஈகைமுகத்தை மட்டும் கிள்ளிவளவன் முன் வைக்கிறார் கோவூர்கிழார். மலையமானை ‘வள்ளல்’ என்று மட்டும் பார்க்கும் வாசிப்பு பிற்கால நிகண்டுகளிலோ பாடநூல்களிலோ பிறந்ததன்று. அதன் ஒரு வேர் இந்த அவைக்களத்தில், இரு சிறுவரின் உயிரைக் காக்கும் உத்தியாக அமைந்திருக்கிறது. அங்கு அது தேவையான மறைப்பு. ஆய்வாளர் எவருடைய உயிரையும் காக்கவேண்டிய கட்டாயத்தில் இல்லை. ஆகவே அம்மறைப்பைத் தொடரவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை.

மலையமான் மரபு அத்துடன் அழியவில்லை. மிலாடு எனப்பட்ட நாட்டின் தலைவர்களாகப் பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் மலையமான்கள் மீண்டும் காணப்படுகின்றனர். முதலாம் இராசராசனின் தாய் வானவன் மாதேவி இம்மரபினள். அவளைப் போற்றும் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு, பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியையும் உடன் பொறித்துள்ளது. அக்கல்வெட்டில் மலையன் மணமகனாகவும் சோழனின் தாய்வழி உறவாகவும் வருகிறான்; மூவருள் ஒருவருக்குத் துப்பானவன் என்னும் குறிப்பு அதில் இல்லை.